முன் அறைப் பெரியவர்

லப்பைக்குடிக்காடு
12.2.2006

அன்பு மகள் ஃபஹ்மிதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இது நானே எழுதும் கடிதம். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் வளர்கல்வி மையத்து மஞ்சு டீச்சர்கூடத் திருத்தவில்லை. போன வாரம் பெரம்பலூர் போனேன். கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே நடந்ததில், போக வேண்டிய மருந்துக் கடையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமும் அந்தப் பலகைகள் எல்லாம் என்னை விட்டுவிட்டு ஊருக்கே சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

போனில் சொல்ல வெட்கமாக இருக்கும் ஒரு விஷயம். அதற்காகத்தான் எழுதுகிறேன். அம்மாவின் மறதி உனக்குத் தெரியும். ஹஜ் பெருநாளுக்குப் பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னை யாரோ அந்நிய ஆண் என்று நினைக்கிறாள். நான் அறைக்குள் போனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். அங்கிருந்தபடி சமையல் வேலைக்கு வரும் காத்தாயியிடம் சொல்கிறாள்:

"வூட்டு ஆம்பளை தம்மாம்ல இருக்காங்க. அவுங்க வந்தப்பறம் வரச் சொல்லு."

"ஐய, பாத்திமாம்மா, அவுங்கதான் உங்க வூட்டுக்காரவுங்க."

"போடி கிறுக்கி. அவுங்க அத்தா வயசு இருக்கும் இவருக்கு."

நான் சவுதியில் இருந்த காலத்தில் இப்போது அவள் இருக்கிறாள். எனக்கு முன் அறைதான். சாப்பாடு காத்தாயி கையால் வருகிறது. என் வீட்டிலேயே வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே போகிறேன்.

தம்மாம் போவதற்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதில் எனக்குத் தாடி இல்லை. அடர்த்தியான மீசை, இறுக்கமான கன்னம். அதைக் காத்தாயியை விட்டு எடுத்துவரச் சொல்லி, சலூன் முருகையனிடம் காட்டினேன். "என்ன பாய், இந்த வயசுல தாடிய எடுக்கச் சொல்றீங்க? புதுப் பொண்ணு பாத்துருக்கா?" என்றான். "பழைய பொண்ணுதான்டா" என்றேன். மீசைக்குச் சாயமும் அடித்துவிட்டான். பள்ளிவாசலில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் கண்ணில் படும்படி நின்றேன். கதவிடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அவுங்க சாயல் இருக்கு. அவுங்க பெரியத்தாவா இருக்கும்" என்று சொல்லிக் காத்தாயியிடம் டீ கொடுத்துவிட்டாள். அந்நியனாக இருந்தவன் பெரியத்தா ஆகிவிட்டேன். இனி இந்தச் சுருக்கம்தான் குறுக்கே நிற்கிறது. மாப்பிள்ளை அத்னான் வேலை பார்க்கும் கடையில் முகத்துக்கு என்னென்னவோ விற்பதாகச் சொன்னாயே. சுருக்கம் போக எதாவது இருந்தால் அனுப்பு. சிரிக்காதே. மாப்பிள்ளையிடம் யாருக்கு என்று சொல்லாதே.

உன் அத்தா,
ஹபிபுல்லா


ஷார்ஜா
4.3.2006

அன்புள்ள அத்தாவுக்கு ஃபஹ்மிதாவின் ஸலாம்.

உறையின் மேல் உங்கள் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்து, அது என் பெயர் என்பதே ஒரு நிமிஷம் உறைக்கவில்லை. உறையையும் பத்திரப்படுத்திவிட்டேன். வாரா வாரம் போனில் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்று சொன்னீர்களே, இதுதானா அத்தா நல்லா இருப்பது?

நான் சிரிக்கவில்லை. ஆனால் அவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரும் சிரிக்கவில்லை. கிரீமெல்லாம் வீண், இது புதிதாக வந்திருக்கிறது என்று ஒரு ரோலர் எடுத்து வந்தார். உருளை முழுக்கப் பொடி ஊசிகள். முகத்தில் மெல்ல உருட்ட வேண்டும். ஊசி குத்திய இடத்தில் புதுத் தோல் வந்து சுருக்கம் குறையுமாம். லீவில் ஊருக்கு வரும் நம் தெருப் பையன் தவ்ஹீதிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்துவிடுகிறேன். அரியலூரில் ரயில் இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ரோலரை ஸ்பிரிட்டில் நனைத்துக் காயவிட்ட பிறகுதான் தொட வேண்டும். அழுத்தக் கூடாது. ஒரு தடவை உருட்டினால் தோல் ஆறிய பிறகுதான் அடுத்த தடவை, இரண்டு மூன்று வாரமாவது ஆகட்டும். அன்றைக்கு வெயிலில் போகாதீர்கள். கூட வைத்திருக்கும் களிம்பைத் தவிர முகத்தில் வேறு எதையும் தடவாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பார்த்த திருச்சி டாக்டர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். குறை அம்மாவின் கண்ணில் இல்லை. முகம் மாறினாலும் அம்மாவுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்துதான் அனுப்புகிறேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் லீவு. அதற்கு முன் வரக் கையாலாகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஃபஹ்மிதா


லப்பைக்குடிக்காடு
30.3.2006

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம்.

ரோலர் வந்தது. பெயிண்டர்கள் கையில் வைத்திருப்பதைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கி, பலாப்பழத் தோலைச் சுற்றிவிட்டது மாதிரி இருக்கிறது. பெட்டியில் இருப்பது இங்கிலீஷ். உன் கடிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தேன். படிக்கத் தெரிந்ததில் எவ்வளவு உபயோகம் பார்.

முதல் உருட்டலில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நெருஞ்சிமுள் காட்டில் கன்னத்தால் நடந்த மாதிரி. காத்தாயி பார்த்துவிட்டு, "என்ன பாய், மொகத்துல ஏர் ஓட்டுறீங்க? எள்ளு வெதைக்கவா, கடலை போடவா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தால் இன்னும் எரிகிறது.

மறுநாள் சிவந்து கிடந்தது. பிறகு சிவப்பு வற்றி, கன்னம் கொஞ்சம் இறுகினாற்போல் தெரிந்தது. எனக்குத்தான் அப்படியோ என்று முருகையனிடம் கேட்டேன். "வெளிச்சத்துல நின்னா அப்படித்தான் தெரியுது பாய்" என்றான். அம்மாவும் முன்னைவிட அதிக நேரம் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். அதில் எனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. நீ சொன்ன வாரக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை. இன்று மறுபடி உருட்டினேன். கொஞ்சம் அழுத்தித்தான் உருட்டினேன். மென்மையாகச் செய்தால் வருஷக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது, அவளோ நாளுக்கு நாள் தூரமாகப் போகிறாள்.

நாளை ஜும்மா. எனக்கு ஒரு யோசனை. தம்மாமிலிருந்து வரும்போதெல்லாம் ஊது அத்தர் பூசிக்கொண்டு வருவேன், உனக்கு நினைவிருக்கும். நான் தெருமுனையில் வரும்போதே வாசனை பிடித்து அவள் உள்ளே டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். ஒரு புட்டி இன்னும் பீரோவில் இருக்கிறது. நாளை தொழுகைக்குப் போகும் முன் இரண்டு கன்னத்திலும் நன்றாகப் பூசிக்கொண்டு, திரும்பி வந்து அவள் வாசலில் நிற்கப் போகிறேன்.

எனக்காக துஆ செய்.

உன் அத்தா,
ஹபிபுல்லா


ஷார்ஜா
10.4.2006

அத்தா,

உங்கள் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. போன வாரம் போன் செய்தபோது காத்தாயி எடுத்து, "பாய் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க பாப்பா, மொகம் பரங்கிக்கா மாதிரி வீங்கிப்போச்சு" என்றாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் அப்புறம் போனில் "பூச்சிக்கடி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஊசி குத்திய ரணத்தில் அத்தரைப் பூசினீர்களா அத்தா? வேறு எதையும் தடவாதீர்கள் என்று எழுதினேனே. நீங்கள் பொறுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே அனுப்பியது நான்தான்.

அன்றைக்கு அம்மாவிடமும் பேசினேன். "பள்ளிக்கூடம் விட்டாச்சாம்மா? வெயில்ல நடந்து வராதே" என்றார்கள். "அம்மா, முன் ரூம்ல இருக்காங்களே, அவுங்கதாம்மா அத்தா" என்றேன். அம்மா, "யாரும்மா நீ, வேணும்னே வெளையாடுறியா?" என்று போனை வைத்துவிட்டார்கள்.

அந்த ரோலரைத் தூக்கி எறியுங்கள். உங்கள் முகம் எனக்கு வேண்டும் அத்தா. இருக்கிற மாதிரியே வேண்டும்.

ஃபஹ்மிதா


லப்பைக்குடிக்காடு
27.4.2006

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம்.

முதலில் இது: வீக்கம் வடிந்துவிட்டது. புண் காய்ந்து பொருக்கு உதிர்கிறது. டாக்டர் திட்டினார். "யாரு பெரியவரே இதக் குடுத்தது?" என்று கேட்டதற்கு உன் பெயரை நான் இழுக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துப் பார்த்தேன், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மஞ்சு டீச்சருக்கும் விளங்கவில்லையாம். அதில் எனக்கு ஒரு ஆறுதல். வீங்கிக் கிடந்தபோது முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, ஃபஹ்மிதா. வழவழவென்று இருந்தது. கண்ணாடியில் தெரிந்தது யார் என்றுதான் எனக்கே தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் போனில் சொல்லவில்லை. அத்தர் பட்டதுமே தீயாக எரிந்தது. பொறுத்துக்கொண்டு தொழுதேன். வீட்டுக்கு வந்து அவள் கதவருகே நின்றேன். உள்ளே இருந்து, "வந்துட்டாங்க காத்தாயி, அவுங்க வந்துட்டாங்க" என்று சத்தம் கேட்டது. முக்காடு இல்லாமல், தலையைக்கூட முடியாமல் அவள் வெளியே ஓடி வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அலறிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

புண் ஆறத் தொடங்கியதும் சட்டையில் மட்டும் அத்தர் பூசிப் பார்த்தேன். "அவுங்க அத்தர எடுத்து இந்த ஆளு பூசிக்கிறாரு, அவுங்க வந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்று காத்தாயியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். என் அத்தரை நானே திருடியவன் ஆனேன். இனி செய்வதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று காத்தாயி வந்து, "பாய், உங்களுக்கு வேல வந்துருக்கு" என்றாள். நான் எழுதிக்கொண்டிருப்பதை அம்மா கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவேனா என்று கேட்டுவிட்டிருக்கிறாள். நாற்காலியை அவள் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். அவள் உள்ளே இருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன். இதுதான்:

"ஃபஹ்மிதா அத்தாவுக்கு. நாங்க நல்லா இருக்கோம். நீங்க வேளாவேளைக்குச் சாப்புடுங்க. முன் அறையில ஒரு பெரியவர் இருக்காரு. யார் கொண்டாந்து வுட்டாங்கன்னு தெரியல. அதட்டிப் பேசாத மனுசன். மொகமெல்லாம் புண்ணு, பாக்கப் பாவமா இருக்கு. ஆனா நீங்க இல்லாத வூட்டுல ஒரு அந்நிய ஆம்பளை இருந்தா ஊரு என்ன சொல்லும்? இருக்கச் சொல்லவா, போகச் சொல்லவா? நீங்க எழுதுற மாதிரி செய்யிறேன்."

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "நல்லா எழுதியிருக்காரு. அவருக்கு ஒரு டீ குடு" என்று காத்தாயியிடம் சொன்னாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது மகளே, அது பொய் இல்லை.

அவளுக்குப் பதில் இன்று எழுதிவிட்டேன். மேலே தம்மாம் என்று போட்டிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. நாளை அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். நீயும் பார்க்க வேண்டும் என்று அதையே இன்னொரு தடவை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ரோலரை, கோழி கிளறாத ஆழத்தில் கொல்லையில் புதைத்துவிட்டேன். நீ ஜூலையில் வரும்போது என் முகம் இருக்கிற மாதிரியே இருக்கும்.

உன் அத்தா,
ஹபிபுல்லா


தம்மாம்
27.4.2006

அன்பு பாத்திமா பீவிக்கு, ஃபஹ்மிதா அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். டீயும் கிடைக்கிறது.

முன்பெல்லாம் என் அறையில் இருந்த ராசாங்கம்தான் எனக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். நலமா என்று அவரே ஆரம்பித்து அவரே முடித்துவிடுவார். இன்னொரு ஆண் பக்கத்தில் இருக்கும்போது உனக்கென்று நான் எதைச் சொல்வது? இப்போது எழுதக் கற்றுக்கொண்டேன். அதனால் சொல்கிறேன். நீ சிரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவதைத்தான் நான் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தைப் படிக்கும்போது அந்தப் பெரியவர் கொஞ்சம் தடுமாறினால் நீ ஒன்றும் நினைக்காதே.

அவரைப் போகச் சொல்லாதே. எனக்குத் தெரிந்தவர், நம் குடும்பத்து ஆள்தான். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. முன் அறையிலேயே இருக்கட்டும். ஊர் ஒன்றும் சொல்லாது, நான் சொல்லிக்கொள்கிறேன். நீ அவர் முன்னால் வர வேண்டாம். முக்காடு போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருந்தே பேசு, அதில் தப்பில்லை. அத்தரை நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துப் பயப்படாதே. புண் ஆறிவிடும். சுருக்கம் இருக்கும், வயதானவர்தானே.

நான் வரத் தாமதமாகும். அதுவரை உனக்கு எது வேண்டுமானாலும் அவரிடம் கேள். எனக்கு எதாவது சொல்லத் தோன்றினாலும் அவரிடமே சொல், எழுதித் தருவார். மெதுவாகத்தான் எழுதுவார். நீ சொல்லிக்கொண்டே இரு.

ஹபிபுல்லா