மூன்றாம் சுவர் இஞ்சி

நாள் 214. 09:10
செவ்வாய், பசுங்கூடம். இசக்கியம்மாள், தாவரவியல் ஆய்வாளர். இங்கே நான் ஒருத்திதான். இஞ்சிக் குடும்ப ஆய்வு உதவித்தொகையின் நிபந்தனைப்படி குறிப்பு எழுத வேண்டும், எழுதுகிறேன். மஞ்சள், ஏலம், சித்தரத்தை நலம். செடி வளர்க்கும் மூன்றாம் சுவரில் தானாகக் கலந்து முளைத்த செடி மொட்டு விட்டிருக்கிறது. எந்த நூலிலும் இல்லாத இனம். சாப்பாடு வழக்கம்போல் சகிக்கவில்லை.

நாள் 221. 16:40
பிராணவாயு இயந்திரங்கள் இரண்டில் ஒன்று முந்தாநாள் நின்றுவிட்டது. மற்றது நாற்பது நாள் தாங்கும். அன்றே கப்பல் கேட்டேன். என்னை இந்த உதவித்தொகைக்குப் பரிந்துரைத்த பேராசிரியர் தங்கையாவின் பதில்:
"கப்பல் நேத்தே கெளம்பிட்டும்மா. முப்பத்தஞ்சு நாள்ல வந்துரும். நீ அந்தப் பூவோட அளவு, படம் எல்லாத்தையும் மொதல்ல அனுப்பு. உதவித்தொகைய நீட்டிக்கணும்லா."
நிம்மதி. சார் இருக்கிறார்.

நாள் 229. 11:05
பூத்துவிட்டது. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் ஊதாக் கீற்று. சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதேன். அளவு, படம், முழு விவரிப்பு அனுப்பியாயிற்று. ஒரு பூவை உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தியிருக்கிறேன். இடம், சேகரித்தவர், நாள் சொல்லும் சீட்டு இன்னும் எழுதவில்லை.

நாள் 244. 08:30
நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. செடி அறையின் சூட்டை அணைத்து அந்த மின்சாரத்தைத் தந்தால் செடிகள் குளிரில் போய்விடும், ஆனால் இயந்திரம் இன்னும் பத்து நாள் ஓடும். சாரிடம் கேட்டேன்.
"அதத் தொடாத இசக்கி. கப்பல்தான் வந்துக்கிட்டே இருக்குல்லா."
தொடவில்லை.

நாள் 256. 14:20
கப்பல் வரவில்லை. சாரும் பேசவில்லை. கணினியில் தானாக வந்து இறங்கும் ஆய்விதழ் மட்டும் வந்தது.
என் பூ அதில் இருக்கிறது. என் படம், என் அளவுகள், என் வாக்கியங்கள். ஆசிரியர்: தங்கையா மட்டும். இனத்துக்கு என் பெயர். தான் கண்டதற்குத் தன் பெயரைத் தானே வைக்கக் கூடாது என்பது எங்கள் துறை மரியாதை. என்னைக் கௌரவிக்கத்தான் ஆசிரியர் வரியிலிருந்து நீக்கினார் என்று ஒரு நிமிடம் பெருமைகூடப் பட்டேன், மடச்சி.
அடுத்த வரி: "ஆய்வின்போது உயிர்நீத்த என் மாணவி இசக்கியம்மாளின் நினைவாக."
கட்டுரை இதழுக்கு வந்துசேர்ந்த தேதி, என் கணக்கில் நாள் 231; நான் பூவை அனுப்பிய இரண்டாம் நாள்.
அப்படியென்றால் கப்பல் கிளம்பவே இல்லை.

நாள் 257. 10:15
கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு. இசக்கியம்மாள் நினைவு உதவித்தொகை. இஞ்சிக் குடும்ப ஆய்வு. இதே பசுங்கூடம். அடுத்த ஆண்டு வழக்கமான கப்பலில் பயணம். பரிந்துரைக் குழுத் தலைவர் தங்கையா.
சூட்டை அணைக்கப் போனேன். கை விசையில் இருந்தது. பத்து நாள் வைத்துக்கொண்டு என்ன செய்ய? செடி என்ன பாவம் செய்தது. திரும்பி வந்துவிட்டேன்.
உங்களை மன்னிக்க மாட்டேன் சார்.

நாள் 260. நேரம் தெரியவில்லை
வரப்போகிற பெண்ணே, பையனே, யாராக இருந்தாலும். கப்பல் கிளம்பிவிட்டது என்று அவர் சொன்னால் நம்பாதே. பூவின் அளவை அனுப்பாதே. அழுத்திய பூ மேசை இழுப்பறையில்
சீட்டு எழுதிவிட்டேன். எழுத்து கோணல், படித்துக்கொள்

இடம்: மூன்றாம் சுவர்.
சேகரித்தவர்: இசக்கியம்மாள்.
சீட்டு எழுதிய நாள்: 260.
குறிப்பு: எழுதும்போது உயிரோடு இருந்தேன்