தெருமுக்கில் கழற்றிய கோட்டு

உன் ஆரஞ்சு கோட்டு கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஜூலைத் தூறலில் எதுவும் சீக்கிரம் காயாது என்று உனக்குத் தெரியும். கிட்டே போனால் முதலில் மண்ணெண்ணெய் வாடை, அதற்குப் பின் பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாடை. மூக்கை வைத்து அழுத்தினால் இரண்டுக்கும் அடியில் கொஞ்சம் ஸ்பிரிட் வாடை வருகிறது. அது நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் வாடை. எத்தனை முறை அலசியும் அது மட்டும் போகவில்லை.

நீ இருந்தால், "ஏனுங்க, முதுகுல என்ன இவ்வளவு பெரிய கறை?" என்றுதான் முதலில் கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்ல ஆசை. ஆனால் என்னோடு குடும்பம் நடத்தியவள் நீ, நான் நேராக வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கோட்டை நீ மண்டி மொஹல்லாவில், கட்டட வேலைக்கு வேண்டிய கையுறை, ரப்பர் பூட்ஸ் விற்கும் கடையில் வாங்கினாய். அந்த வாரம் கேஷுவாலிட்டிக்கு ஒரு பால்காரரைத் தூக்கி வந்திருந்தார்கள். அவருடைய பைக்கை இடித்த கார்க்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "நோட்லே இல்ல சிஸ்டர், நோட்லே இல்ல" என்று, தான் பார்க்கவே இல்லை என்பதையே கன்னடத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இடித்தவர்கள் எல்லாரும் சொல்கிற பொய்தானே என்றேன் நான்.

"பொய்யில்லைங்க. அந்தாளு அழுதுட்டே இருந்தாருங்க. நெசமாவே பாக்கல. அவுங்க கண்ணு காரையும் பஸ்ஸையுந்தான் தேடுது, நம்மளத் தேடறதே இல்ல. தேடாட்டியும் கண்ணுல அடிக்கற மாதிரி நாமதான் போகோணும்" என்றாய், நீ பிறந்த அனூர்ப் பக்கத்துப் பேச்சில்.

கோட்டோடு நீ நிற்கவில்லை. ஹெல்மெட்டின் பின்புறம் வெள்ளையாக மின்னும் பட்டை ஒட்டினாய், ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் ஒட்டினாய், என்னைக் கேட்காமல் என் பைக்கின் மட்கார்டிலும் ஒட்டினாய். ஆபீஸ் ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அதை நகத்தால் சுரண்டிப் பிய்த்தேன். மறுநாள் அதே இடத்தில் புதிதாக ஒன்று இருந்தது. கொஞ்ச நாள் இப்படியே போனது. ஏன் பிய்த்தீர்கள் என்று நீ கேட்கவில்லை, ஏன் ஒட்டினாய் என்று நான் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்து சீரியல் லைட் போகிறது பார் என்று கேலி செய்வேன். "லைட்டு எரிஞ்சாத்தானுங்க கல்யாண வீடுன்னு தெரியும்" என்பாய்.

கேலி எல்லாம் மேலுக்குத்தான். அந்தக் கோட்டோடு எனக்கு இருந்த சண்டை அழகைப் பற்றியது இல்லை. என் அம்மா இந்த ஊரில் தெருக் கூட்டியவள். இப்போது அந்த வேலைக்காரர்களைப் பௌரகார்மிகர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பையன்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு வேலையின் கடைசி வருஷங்களில் இதே போன்ற ஆரஞ்சு கோட்டுதான் கொடுத்தார்கள். நான் படித்ததும், கம்பெனியில் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்ததும், மழைக்காலத்தில்கூட இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை போட்டதும் அந்த நிறத்தை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகத்தான். நீ அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாய்.

அப்புறம் என் ஆபீஸ்காரர் ஒருவர் மகளின் கல்யாண வரவேற்பு. நீ டியூட்டி முடிந்து நேராக மண்டபத்துக்கு வந்தாய். நான் ஆபீஸ் ஆட்களோடு வாசலில் நின்றிருந்தேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கோட்டோடு நீ படியேறும்போது மண்டபத்து ஆள் ஒருவர் கையை நீட்டி, "ஹிந்தகடே ஹோகம்மா, எலெ எல்லா அல்லிதே" என்றார். பின்பக்கம் போம்மா, எச்சில் இலை எல்லாம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். போனில் ஒன்றும் இல்லை.

நீ சிரித்தபடி அவரிடம் ஏதோ சொன்னாய். கோட்டைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்தாய். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாயசம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கேளுங்கள் என்றாய். வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், "எங்கூட வர்றப்ப அதைப் போடாதே." நம் மகள் பாப்பா அங்கேதான் இருந்தாள். ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் காது இல்லை என்று நினைத்துவிட்டேன் போலும்.

நீ சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "இந்தக் கோட்டு குடுத்தப்பறந்தான் பின்னால வர்ற வண்டிக்குப் பயப்படாமக் குனிஞ்சு கூட்டறேன்னு அத்தை எங்கிட்டச் சொல்லுவாங்க. உங்ககிட்டச் சொன்னதில்லீங்களா?" என்று மட்டும் கேட்டாய்.

சொன்னதில்லை. அம்மா என்னிடம் எப்படிச் சொல்வாள்? அவள் அந்தக் கோட்டோடு எதிரே வரும் தெருவில் நான் நடந்ததே கிடையாது.

அதற்குப் பிறகு உன்னைக் கோட்டோடு நான் பார்க்கவில்லை. விட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது ரோடு இல்லை, ஒரு காய்ச்சல். சாவு வீட்டில் யாரோ, நல்லவேளை ஆக்ஸிடென்ட் இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். உன் ஸ்கூட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன்.

இப்போது பாப்பாவுக்கு ரிங் ரோடு தாண்டி ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் உன் ஸ்கூட்டரில்தான் போவேன் என்றாள். கறுப்பு ஹெல்மெட், கறுப்பு ரெயின்கோட் வாங்கி வந்தாள். மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது தூறலில் அவள் எங்கே முடிகிறாள், நனைந்த ரோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உன் பால்காரர் நினைவுக்கு வந்தார். 

சனிக்கிழமை ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டேன். நம் மெக்கானிக் மஞ்சுதான். என்னோடு கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருவரும் தன் வண்டியோடு அங்கே உட்கார்ந்திருந்தார். மஞ்சு சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு, மடித்து வைத்த உன் கோட்டை எடுத்தான். அப்போதுதான் அது அங்கே இருப்பது எனக்கே தெரியும்.

"சார், இது யார்து? பௌரகார்மிகர்து இருபேக்கு" என்றான். யாருடையது, தெருக் கூட்டுகிறவர்களுடையதாக இருக்கும் என்று சொல்லி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

நான், "கொத்தில்ல" என்றேன். தெரியாது என்று சொன்னேன். ஆபீஸ்காரர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, போனில் இருந்தார். இருந்தும் சொன்னேன்.

யாருக்கும் வேண்டாத துணி என்றால் மெக்கானிக் என்ன செய்வான்? மஞ்சு அதை உதறி, எஞ்சின் ஆயிலைத் துடைத்தான், கையைத் துடைத்தான், அப்புறம் வண்டிக்கு அடியில் விட்டுத் துடைத்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலை முடிந்ததும் அதைப் பழந்துணி டப்பாவில் போட்டுவிட்டு மஞ்சு டீ குடிக்கப் போனான். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை எடுத்துச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டேன். என் பெண்டாட்டியின் கோட்டை நான் திருடிக்கொண்டு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஆயில் ஒட்டியதுதான் மிச்சம்.

மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, பிரஷ் தேய்த்து எல்லாம் பார்த்தேன். முன்பக்கம் ஓரளவு போனது. முதுகில் கறை நின்றுவிட்டது, குறுக்கே மின்னும் பட்டையும் பாதி மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து பாப்பா கொடியில் பார்த்துவிட்டாள்.

"அம்மாவோடது. ஏன் இப்படி ஆச்சு?"

"மஞ்சு தெரியாமத் துடைச்சிட்டான்" என்றேன். பழியை அவன் தலையில் போடவும் தயங்கவில்லை. அதோடு விடாமல், "நாளையிலிருந்து இதைப் போட்டுட்டுப் போம்மா" என்றேன்.

"பேடாப்பா" என்றாள். வேண்டாம் என்பது அவள் வாயில் தமிழில் வருவதில்லை. "நீங்கதானே அம்மாகிட்டச் சொன்னீங்க, எங்கூட வர்றப்ப போடாதேன்னு."

"அது எப்பவோ சொன்னது. அம்மாவும் அப்பவே விட்டுட்டாங்களே."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அம்மா எங்கே விட்டாங்க? தினமும் போட்டாங்க. ஸ்கூல்ல இருந்து என்னைக் கூட்டிட்டு வர்றப்ப நம்ம தெருமுக்குல வண்டிய நிறுத்திக் கழட்டுவாங்க. அப்பாவுக்குப் பிடிக்காது, இந்தா பிடின்னு எங்கிட்டத்தான் குடுப்பாங்க. நான்தான் மடிச்சு சீட்டுக்குள்ள வைப்பேன். உங்களுக்கு கொத்தே இல்வா?"

எனக்குத் தெரியவே தெரியாது. ஊரெல்லாம் நீ கோட்டோடு போயிருக்கிறாய். என் கண்ணில் படாமல் இருக்க மட்டும், மழையிலும் வெயிலிலும் தெருமுக்கில் நின்று கழற்றியிருக்கிறாய். அதைப் பின்சீட்டில் இருந்து பார்த்துத்தான் இந்தப் பெண் வளர்ந்திருக்கிறாள். அது கழற்ற வேண்டிய உடுப்பு என்று அவளுக்கு நீ சொல்லவில்லை, நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 

இன்று காலை ஈரம் போகாத அந்தக் கோட்டை என் சட்டைக்கு மேல் நானே மாட்டிக்கொண்டேன். பாப்பா பார்த்துக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ரிங் ரோடு வரை முன்னால் போகிறேன், பின்னால் வா என்றேன். வழியில் மஞ்சு கடையைத் திறந்துகொண்டிருந்தான். தாண்டிப் போயிருக்கலாம். வண்டியை நிறுத்தினேன்.

அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். இது என் மனைவியுடையது, அன்று தெரியாது என்று சொன்னது பொய் என்று கன்னடத்தில் சொன்னேன்.  உன்னை அவனுக்குத் தெரியுமே. அவன் தங்கை பிரசவத்துக்கு நீ கூட நின்றாய். ஷட்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "ஹேள்பேகித்து சார்" என்றான். சொல்லியிருக்க வேண்டும் சார் என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது தப்பு செய்தவன் அவன் மாதிரி இருந்தது. பாப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிங் ரோடு சிக்னலில் நாங்கள் பிரிய வேண்டிய இடம் வந்தது. ஓரமாக நிறுத்தினோம். லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. மஞ்சுவைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கையை மட்டும் நீட்டினாள். உன்னிடமிருந்து வாங்கிப் பழகிய கை. கழற்றிக் கொடுத்தேன். மடித்து சீட்டுக்குள் வைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கறுப்பு ரெயின்கோட்டுக்கு மேல் அதை மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"உங்களுக்கு?" என்றாள்.

"சாயங்காலம் ஒன்னு வாங்கிக்கறேன்."

பச்சை சிக்னல் விழுந்தது. அத்தனை வண்டிகளுக்கு நடுவே, தூறலுக்குள் வெகுதூரம், அவள் திரும்புகிற வரைக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தாள். முதுகில் நான் வைத்த கறையும் தெரிந்தது.

சாயங்காலம் நீ வாங்கிய கடைக்கே போனேன். எத்தனை ஆட்களுக்கு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். அங்கேயே மாட்டிக்கொண்டு, மண்டி மொஹல்லா சந்துகளில் ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். நம் தெருமுக்கு வந்தது. பெட்டிக்கடையில் வழக்கமாக நிற்கிறவர்கள் நின்றிருந்தார்கள். சொல்லக் கூசுகிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். வண்டியை நிறுத்தினேன். கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உன் ஸ்கூட்டரின் சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரம் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். தெருமுக்கில் சத்தம் நிற்கவில்லை. நேராக வாசல் வரை வந்தது. பாப்பா கோட்டோடு இறங்கி, கோட்டோடு படியேறி, வீட்டுக்குள் வந்து கழற்றினாள். "பிடிங்க" என்று என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கொடியில் போட்டேன்.

என்னுடையது இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. நாளைக் காலையில் தெருமுக்கைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இப்போதும் ஒரு மனசு சொல்கிறது. ஆனால் பாப்பா என் பின்னால்தான் வருவாள்.