ஊசிமுனைப் புள்ளிகள்

இன்று காலை குரும்பகரத்திலிருந்து வந்த நெல் இலையொன்று என் மேசைமீது கிடக்கிறது. கண் வடிவப் புள்ளிகள். நடுவில் சாம்பல், விளிம்பில் பழுப்பு. குலைநோய்தான். உன் வயலுக்கு அடுத்த வயலாம். அதன்பின் எனக்கு வேலை ஓடவில்லை.

நாம் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் வேளாண் அலுவலரானேன். நீ உன் நிலத்துக்கே திரும்பினாய். ஊரெல்லாம் குலைநோயில் கருகிய ஒரு சம்பா பருவத்தில், பிழைத்து நின்ற சில தூர்களை மட்டும் தனியே அறுத்தாய். ஆண்டுக்காண்டு பெருக்கி ஒரு மா அளவு நிலத்தில் பயிராக்கினாய். அதை ஊருக்கெல்லாம் விதையாகக் கொடுக்கலாமா என்று ஆய்வு செய்ய வந்தவன் நான்.

இலைகளில் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகள் இருந்தன. “பத்து நாளா பாக்குறேன்டா, ஒண்ணுகூடப் பெருசாவல” என்றாய். படிவத்தில் ஒரே கேள்வி: இலைப்புள்ளி உண்டா, இல்லையா? உண்டு என்று எழுதி, விதைக்கு ஏற்றதன்று எனக் கையெழுத்திட்டேன்.

“புள்ளி இருந்தா நோயா? ஒன் மூஞ்சில மச்சம் இருக்கே, அதுக்கு என்ன மருந்து அடிக்கிற?” என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அறுவடையானதும் விதைக்கென ஒரு மரக்கால்கூட மிச்சம் வைக்காமல் முழுவதையும் அரைத்துவிட்டாய். ஒரு மூட்டை அரிசியை என் வீட்டு வாசலில் இறக்கினாய். “வெதைக்குத்தான ஆவாது, சோத்துக்கு ஆவும்ல? தின்னுங்க, ஆபீசர் சார்.” நீ என்னை அப்படி அழைத்தது அதுவே முதல்முறை.

குலைநோயைத் தரும் பூசணம் இலைக்குள் நுழைவதை எதிர்ப்புத்திறனுள்ள பயிர் கண்டுகொள்கிறது. உடனே அவ்விடத்து உயிரணுக்கள் தாமே மடிந்துவிடுகின்றன. உயிருள்ள திசு கிடைக்காமல் பூசணம் அங்கேயே முடங்குகிறது. எஞ்சுவது ஓர் ஊசிமுனைப் புள்ளி. அது நோய் தோற்ற இடம்.

இதைப் பிற்காலத்தில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாய். மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீயே பேச்சை எடுத்தாய். “ஒனக்கு அப்ப தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா எழுதிருப்பியா? விடு.” என் கையை அழுத்தினாய். உன் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு அப்போதே தெரியும். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே படித்த பாடம். படிவத்தில் குறிப்பெழுத இடமில்லை. ஓரத்தில் ஒரு வரி சேர்ப்பது விதிமீறல் என்று நினைத்தேன். தெரியாதவனுக்கென்று நீ கொடுத்துப்போன மன்னிப்பு, தெரிந்தே எழுதியவனிடம் இருக்கிறது.