ஹீலியோபோலிஸ் வீட்டுக்கு வைத்த வெளிச்சம்

செப்டம்பர் 9, திங்கள்

கெய்ரோவில், ஹீலியோபோலிஸ் பகுதியில் புது வேலை. மேலும் கீழுமாக இரண்டு தளம், உள்ளேயே வளைந்து ஏறும் படிக்கட்டு. கூப்பிட்ட பெண்ணின் பெயர் ரீஹாம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் அலங்கரித்த காபிக்கடை ஒன்றைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்ததாகச் சொன்னாள்.

"பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல பணக்காரப் பாஷா வீட்டு ஹால் வருமே, அது வேணும் மேடம். பொண்ணு படியில இறங்கி வர்றப்ப கீழ நிக்கிறவங்க எல்லாம் பேச்சை நிறுத்திட்டு நிமிர்ந்து பாப்பாங்களே, அந்த ஹால்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமா ஸ்டுடியோவில் வேலை பார்த்த நாட்களில் அந்த மாதிரிப் படிக்கட்டுகளை எத்தனையோ முறை பலகையில் அடித்து நிறுத்தியிருக்கிறோம். ஏறினால் மேலே வீடு இருக்காது. நடிகை விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவன் ஏணியில் நிற்பான். இங்கே உண்மையாகவே மேலே மூன்று அறைகள் இருக்கின்றன.

ஒப்புக்கொண்டேன். அவள் வீட்டுக்காரர் பயணத்தில் இருக்கிறாராம்.

செப்டம்பர் 12, வியாழன்

என்னை விவாகரத்து செய்த ஹாஸிமின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அக்டோபரில் எங்கள் மகள் லுப்னாவுக்குப் பதினைந்து முடிகிறது. யாரோடு இருக்க விருப்பம் என்று நீதிபதி அவளைக் கேட்பார். அவ்வளவுதான் சட்டம். பெற்றவள் சொல்ல இடமில்லை.

குவைத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்து, கோடையில் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, இப்போது மகள் வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது என்று நினைப்பான்.

லுப்னாவிடம் நோட்டீஸைக் காட்டினேன். படித்துவிட்டு, "சரி" என்றாள். சரி என்றால் என்ன? கேட்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஹாலுக்கு நிறம் முடிவாகிவிட்டது. படத்தில் வெள்ளையாகத் தெரிந்த சுவர் எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை, வெள்ளை அடித்தால் கேமராவுக்குக் கண் கூசும், வெளிர் ரோஜா நிறமோ பச்சையோ கலப்பார்கள் என்று ரீஹாமிடம் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். சாம்பல் கலந்த ரோஜா. சாட்டின் திரை தரையில் ஒரு சாண் புரள வேண்டும். சோபாவை வாசலைப் பார்த்துத் திருப்பியாயிற்று. படங்களில் யாரும் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்வதில்லை.

பிடித்துச் செய்கிற வேலை. ரொம்ப நாளுக்குப் பிறகு.

செப்டம்பர் 18, புதன்

எழுதி முடித்துவிட வேண்டும்.

மேல்மாடி அறையைக் காட்டினாள் ரீஹாம். "இது எங்க வீட்டுக்காரரோட பொண்ணுக்கு. முதல் கல்யாணத்துல பொறந்தவ. இங்க வந்துடுவான்னு நம்பிக்கையா இருக்காரு."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மேசையை எங்கே போடலாம் என்று கேட்டேன்.

"அவ இடதுகைக்காரி. அதனால லைட் வலது பக்கம் வரணும் இல்லையா? எழுதுறப்ப கை நிழல் விழாம. பென்சில் முனையைக் கடிச்சுக்கிட்டே படிப்பாளாம். பச்சைக் கலர்னா உயிராம்."

பென்சில். பச்சை. இடது கை.

"பேரு?"

"லுப்னா."

நான் என்ன செய்தேன்? மேசையை ஜன்னலுக்கு இடப்புறம் போடலாம் என்றேன். பச்சைக் கண்ணாடி மூடிய விளக்கு ஒன்று என்னிடமே இருக்கிறது என்றேன். தண்ணீர் கேட்டேன். வாசல்வரை நடந்து வந்து, காரில் உட்கார்ந்து, சாவியைப் போட முடியாமல் அப்படியே கிடந்தேன்.

என் பொண்ணு என்னைவிட்டுப் போறதுக்கு ஒரு ரூமு. அதுக்கு நானே விளக்கு வெக்கணுமா?

செப்டம்பர் 19, வியாழன்

வேலையை விட்டுவிடலாம். விட்டால் ஹாஸிம் சொல்வான், பயந்துவிட்டாள் என்று. என் வக்கீலும் இப்போது எந்தச் சண்டையும் வேண்டாம் என்கிறார்.

அதெல்லாம் சாக்கு. அந்த அறையை நான் பார்த்துவிட்டேன். இனி அதை வேறு ஒருத்தி கையில் விட்டுவிட்டு வர என்னால் முடியாது. மட்டமான திரை போடுவார்கள். அதுதான் உண்மை.

ரீஹாமுக்கு நான் யார் என்று தெரியுமா? என் பெயர்ப்பலகையில் ஷாஹிந்தா என்று மட்டும்தான் இருக்கிறது. அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

லுப்னாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன்.

சோபாவின் வலது மூலை ரீஹாமின் இடம். வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேதான் காலை மடக்கி உட்கார்கிறாள். அந்த மூலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு விளக்கு பதிக்கச் சொன்னேன், நெட்டுக்குத்தாக. எலக்ட்ரீஷியன் ஷெனூதா ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். அவருக்கு நான் எப்போதும் எஞ்சினியரம்மாதான்.

"எஞ்சினியரம்மா, இது உச்சந்தலையிலயே விழுதே. உக்கார்றவங்க பொணம் மாதிரி தெரிவாங்க."

"தெரியட்டும்."

"விருந்தாளிங்க வீட்டுக்கு வந்தா துக்கம் விசாரிச்சுட்டுப் போவாங்க, பரவாயில்லையா?"

"ஷெனூதா, பதிங்க."

பதித்தார். ஸ்டுடியோவில் கதாநாயகிக்கு முன்னாலிருந்து, நெற்றிக்குச் சற்று உயரத்தில் விளக்கு வைப்போம், கன்னம் மலரும். உச்சியிலிருந்து விழுவது கொலைகாரனுக்குக் கொடுக்கிற வெளிச்சம். கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். ஹாஸிம் ஒவ்வொரு மாலையும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும். ஏன் இவளைப் பிடிக்காமல் போகிறது என்று அவனுக்கே புரியாது.

இரவு நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

தூங்கவில்லை.

அக்டோபர் 5, சனி

மேல்தளத்தில் திரைக்கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கதவு திறந்தது. ஹாஸிமின் குரல். எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் காதுக்கு முன்னால் முதுகுக்குத் தெரிந்துவிடுகிற குரல்.

"கண்ணைத் திறக்காதே. இன்னும் ரெண்டு அடி. ம்... இப்பத் திற."

படிக்கட்டின் வளைவுக்கு வந்து பார்த்தேன். ஹாலின் நடுவில் லுப்னா, பள்ளிச் சீருடையில், தோளில் பையோடு. ரீஹாம் எல்லா விளக்கையும் போட்டாள். திரைகளின் மடிப்பில் வெளிச்சம் ஓடியது, பளிங்குத் தரை மினுங்கியது. நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. என் மகள் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். அவள் தோள் தளர்வதை மேலிருந்து கண்டேன். மயங்கிவிட்டாள். என் வேலையைப் பார்த்து மயங்குகிறாள், எனக்கு எதிராக.

"உக்காரும்மா" என்றான் ஹாஸிம்.

போய் உட்கார்ந்தாள். சோபாவின் வலது மூலையில்.

எழுதவே வரவில்லை. என் குழந்தையின் முகத்தில் கண்கள் இல்லை. கன்னம் ஒட்டி, உதடு கறுத்து, நோயில் மாதக்கணக்காகக் கிடந்து எழுந்தவள் மாதிரி. அப்பாவைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் பயங்கரம்.

இறங்கி ஓடினேன். சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

ஹாஸிம்தான் முதலில், "நீ இங்க என்ன பண்றே?" என்றான். ஆக, அவனுக்குத் தெரியாது. ரீஹாம் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். அப்புறம் சோபாவின் மூலையை.

"இந்த லைட் இன்னும் சரியாகல" என்றேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு" என்றான் ஹாஸிம்.

லுப்னா, "அம்மா, இந்த வீட்டைச் செஞ்சது நீயா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, மறுபடி

சாப்பிடும்போது கேட்டாள். "அந்த லைட் யாருக்கு வெச்சது?"

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கில்லைன்னு தெரியும்" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

காலையிலேயே ஷெனூதாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த விளக்கைப் பிடுங்கினேன். துளையை அடைத்தாயிற்று. அவர், "பொணத்தை எழுப்பிட்டோம்" என்று முனகினார்.

ரீஹாம் காபி கொண்டுவந்தாள். ஷெனூதா வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"நான் உக்கார்ற இடம்னு தெரிஞ்சுதானே அங்க வெச்சீங்க?"

"ஆமா."

"நானும் தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டேன். அப்ப கணக்கு நேராயிடுச்சு."

கோப்பையைக் கீழே வைத்தேன். "எதுக்கு?"

"அந்தப் பொண்ணு உள்ள வர்றப்ப வீடு அந்நியமா இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். உங்க கை பட்டிருந்தா அவளுக்குத் தெரிஞ்ச வீடு மாதிரி இருக்கும். அவருகிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டாரு. அதான் சொல்லல."

"என் கையாலயே என் பொண்ணை இழுத்துக்கப் பாத்தீங்க."

"அப்படியும் சொல்லலாம்க்கா."

அக்கா. யாருக்கு அக்கா? ஆனால் பொய் சொல்லவில்லை. மறுத்திருந்தால் அந்தக் காபியை அவள் ரோஜாச் சுவரில் ஊற்றியிருப்பேன்.

பிறகு அவளை அந்த மூலையில் உட்காரச் சொன்னேன். மேசை விளக்கை அவள் கன்னத்தின் உயரத்துக்கு ஏற்றி, கொஞ்சம் முன்னால் தள்ளி, மூடியைச் சாய்த்தேன். முகம் மலர்ந்தது. அழகிதான். "அசையாதீங்க" என்று சொல்லி, விளக்கு நிற்க வேண்டிய இடத்தில் குறி போட்டேன்.

வேலை முடிந்தது.

அக்டோபர் 21, திங்கள்

நாளை நீதிமன்றம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். பக்கத்து அறையில் நடக்கிறாள். கட்டில் சத்தம். மறுபடி நடக்கிறாள். போய் ஒரே ஒரு வார்த்தை... வேண்டாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

அப்பாவோடு என்றாள்.

அக்டோபர் 24, வியாழன்

அன்று நீதிமன்ற நடைவழியில் ஒரு பெஞ்சில் நான், எதிர் பெஞ்சில் ஹாஸிமும் ரீஹாமும். உள்ளேயிருந்து லுப்னா வந்தபோது யார் பக்கமும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே நடந்தாள். ஹாஸிம் வாயைத் திறக்கப் போனான். ரீஹாம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்கு நன்றி.

திரும்பும்போது என் காரில் லுப்னா அழுதாள். "அந்த வீட்டுக்காக இல்லம்மா" என்றாள். "அப்பாவோட நான் இருந்ததே இல்ல. அவர் எப்படிக் கோபப்படுவாருன்னுகூடத் தெரியாது."

கோபப்படுவார் கண்ணு, நல்லாவே கோபப்படுவார் என்று சொல்ல வந்தது. தலையைத் தடவினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

எனக்கு மட்டும் சமைக்க வரவில்லை. பழைய அளவிலேயே கோழி போட்ட மொலோகியாக் கீரைக்குழம்பு செய்கிறேன். பாதி ஷெனூதாவுக்குப் போகிறது. "எஞ்சினியரம்மா, எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கப் போகுது, அப்புறம் கோழி போடாதீங்க" என்கிறார்.

நவம்பர் 29, வெள்ளி

குளிர் தொடங்கிவிட்டது. லுப்னாவின் கம்பளி ஜாக்கெட்டைக் கொடுக்கப் போனேன். கதவிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். ரீஹாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

ஹால் இருட்டாக இருந்தது. சோபா, நாற்காலி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி. சாட்டின் திரையைத் தூசி படாமல் மடித்துக் கட்டிவைத்திருந்தார்கள். "விருந்தாளி வந்தா எடுப்போம்" என்றாள் ரீஹாம், கொஞ்சம் வெட்கத்தோடு. ஊரில் எல்லா வீட்டு ஹாலுக்கும் நடப்பதுதான். பாஷா வீடாக இருந்தால் என்ன?

குடும்பம் இருந்தது சமையலறையில். ஹாஸிம் பனியனோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டை தேடி எழுந்து ஓடினான். மேசையின் ஓரத்தில் லுப்னா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரே ஒரு மங்கல் பல்பு.

"உன் ரூம் என்னாச்சு?" என்றேன்.

"அங்க தனியா இருக்கும்மா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

ரீஹாம் தேநீர் ஊற்றினாள். அவளாகக் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலியில் தொங்கவிட்டு, தாழ்வாக, மேசைக்கு மட்டும் விழுகிற மாதிரி ஒரு சாதாரண தகர மூடி விளக்கு போதும். எந்தப் படத்திலும் வராத விளக்கு.

பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்தேன். லுப்னா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.