‘ஓடாதே’ என்று கேட்டே வளர்ந்த செண்பகத்துக்கு

என் உயிர்த் தோழி செண்பகத்துக்கு,

நீ ஓடித்தான் செத்தாய் என்று ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றபோது எனக்குப் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அந்த நர்ஸ் புள்ளைய ஓடவிட்டே கொன்ன பி.டி. டீச்சர் இவதான்" என்றாள். நான் திரும்பி, "ஆமா, நாந்தான். எம் பேரு பிரகாசி. வேற என்ன தெரியணும் ஒங்களுக்கு?" என்று கேட்டேன். இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்திருப்பாய். இல்லை, என்னைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பாயோ?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீ வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மைதானத்தில் நாற்பது பெண்களை நாலு வரிசையாக நிறுத்தி நான் டிரில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசிப் பெட்டியோடு நின்று பார்த்துவிட்டு, என்னை முன்பின் தெரியாத நீ கேட்டாய்: "யக்கா, நாப்பது பேருக்கும் ஒரே கசரத்தா? ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரில்லா?" எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறவளிடம் நேற்று வந்த நர்ஸ் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே நீ வேலை பார்த்த பிரசவ விடுதிக்குத் தேடிக்கொண்டு வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன். நீ என்னைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். இருபத்திரண்டு வயதில் நிமிர முடியாத முதுகு. இரண்டு பிள்ளை பெற்றதும் வீங்கிப்போன கால். "இவளுகளுக்கு மருந்து நான் குடுக்கேன். ஒடம்ப யாரு நிமித்துவா?" என்று கேட்டாய். சண்டையை மறந்து அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிப் படிப்பு முடிக்கிற பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டையில் உடற்பயிற்சிப் பயிற்றுநர் சான்றிதழ்த் தேர்வு நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தவளும் நீதான். எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறை ஒன்று. செய்முறைக்கு, மூன்று மாதமாவது தான் பயிற்சி கொடுத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அதுவரை நம் பக்கத்திலிருந்து பையன்கள்தான் போயிருந்தார்கள். "நம்ம புள்ளைகளும் போவட்டுமே" என்றாய். பள்ளி இறுதி வகுப்பில் ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். கசரத்து என் பாடம். எலும்பும் தசையும் முதலுதவியும் உன் பாடம். பயிற்சி கொடுக்க ஆளுக்கு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம்.

நம் பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டைப் பலசரக்குக் கடைக்காரர் மகள் பேச்சியம்மாளுக்குக் கிடைத்தது முத்தையாபுரத்துச் சந்தனமாரி. உப்பளத்தில் தலைச்சுமை சுமக்கிறவள். கழுத்து இடது பக்கம் திரும்பாது. முதல் நாள் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நாள் பூரா சொமக்கேன் நர்ஸம்மா. எனக்கு என்னத்துக்குக் கசரத்து?" என்றாள். நீ சொன்னாய்: "சொமக்கது மொதலாளிக்கு. இது ஒனக்கு."

பேச்சி இரண்டு நாள் விடியற்காலையில் உப்பளத்துக்கே போய் நின்று, அந்த அம்மா கூடையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள். எப்போதும் வலது பக்கமாகவே சாய்ந்து தூக்குகிறாள் என்று கண்டுபிடித்தது அவள்தான். நீயும் இல்லை, நானும் இல்லை. அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ நீயே பெற்ற பிள்ளை மாதிரி பூரித்துப்போனாய்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தாய். கடைசிச் சுற்றில் திடீரென்று எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு ஓடினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். "வேகமா, செண்பகம், வேகமா!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே வந்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உதடு நீலமாகிப்போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மத்தியானம் தாண்டவில்லை.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, இதயத்தின் வால்வு சுருங்கிப்போயிருந்தது என்று டாக்டர் சொன்னார். ஒரு குடம் தண்ணீர் தூக்கும்போதுகூட இது நடந்திருக்கலாமாம். நடக்காமலும் இருந்திருக்கலாமாம். எனக்குப் பக்கத்தில் நின்ற உன் அம்மா ஆச்சரியப்படவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உனக்கும் இது முன்பே தெரிந்திருக்கிறது என்று.

ஏளா, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அம்மாவிடம் கேட்டேன். "பன்னெண்டு வயசுல இருந்து 'ஓடாத, ஏறாத, தூக்காத'ன்னு சொல்லித்தான் வளத்தேன் பிரகாசி. வந்த மாப்பிள வீடெல்லாம் அதக் கேட்டுட்டுத் திரும்பிப் போச்சு. ஒங்கிட்ட மட்டும் அவ சொகமான ஆளா இருந்தா. அதக் கெடுத்துக்க அவளுக்கு மனசு வரல" என்றார்கள். நான் உன் அம்மா மடியில் விழுந்து அழுதேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். நோயாளிகளை ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்கிறவள், உன்னை நீயே ஏமாற்றினாயே! உன்னைவிட என் மேல்தான் அதிகக் கோபம். இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது, "நீ ஏன் எப்பவும் உக்காந்தே இருக்க?" என்று நான் கேட்டிருக்க வேண்டாமா?

அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அடுத்த வாரமே நாலு பெண்களை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் விட்டுப் பிடிப்போம், பிரகாசி. பெத்தவங்க பயப்படுறாங்க" என்றார்கள். தேர்வுக்கு இருந்ததே ஐந்து மாதம். "பயந்தவங்க போகட்டும் மிஸ். நிக்கிறவங்களுக்கு நான் எடுக்கேன்" என்றேன். மைதானத்தைப் பூட்டினார்கள். நான் கடற்கரை மணலில் எடுத்தேன். நீ எடுத்த பாடத்தை எடுக்க ஆளில்லை. உன் நோட்டுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து எலும்புகளின் பெயரை நானே மனப்பாடம் செய்தேன். நாற்பதை நெருங்குகிற வயதில்!

அந்த நோட்டில் இல்லாத ஒரு பாடத்தையும் சேர்த்தேன். பயிற்சிக்கு யார் வந்தாலும் முதலில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா, படியேறினால் நெஞ்சு படபடக்கிறதா, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று. சிரித்து மழுப்பினால் மறுபடியும் கேட்க வேண்டும். டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்வரை ஒரு கை காலை அசைக்கவிடக் கூடாது. இந்தப் பாடத்தை முதல் தடவை எடுத்த அன்று பாதியில் நிறுத்திவிட்டேன். பேச்சிதான் எழுந்து மீதியைச் சொல்லி முடித்தாள்.

தேர்வு நாள் வந்தது. நாலு பிள்ளைகளும், அவர்கள் பயிற்சி கொடுத்த நாலு பெண்களும், சந்தனமாரியும் நானும் காலை பஸ்ஸில் ஏறினோம். பேச்சி புதுக்கோட்டையில் ஏறுவதாகப் பேச்சு. பஸ் நின்றது. அவளைக் காணோம். கண்டக்டர் விசில் ஊதப்போனார். சந்தனமாரி அவர் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, செத்த பொறுங்க, எனக்குப் பரீச்ச இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி, எதிரே இருந்த கடையைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பேச்சியின் அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மவள அனுப்புங்க அண்ணாச்சி. பஸ் நிக்கி."

"நீ யாரு?"

"நான் உப்புச் சொமக்கவ. ஒங்க மவதான் எனக்கு வாத்தியாரு" என்று சொல்லி, கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கழுத்தை இடதும் வலதும் திருப்பிக் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஒரு புள்ளையக் கொன்னது போதாதா டீச்சர்? எம் மவளும் ஓடிச் சாவணுமா?" என்று கேட்டார். அவர் பயம் பொய்யில்லையே. மகளைப் பெற்றவருடைய பயம்தானே அது?

உள்ளேயிருந்து பேச்சி வந்தாள். வெள்ளைத் தாவணி, கையில் பை. "யப்பா, செண்பகம் அக்காவுக்கு நெஞ்சுல வியாதி இருந்துச்சு. எனக்கு இல்ல. லேடி டாக்டர்ட்ட நானே போயிக் காட்டிட்டேன். போயிட்டு வாரேன்" என்றாள். யாரும் சொல்லி அவள் டாக்டரிடம் போகவில்லை. எனக்கே அது தெரியாது. அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தராசைக் கையில் பிடித்தபடி நின்றார். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

செய்முறைத் தேர்வில் பேச்சியிடம் தேர்வாளர் கேட்டார்: "உன்னிடம் பயிற்சிக்கு ஒருவர் வந்தால் முதலில் என்ன கசரத்துக் கொடுப்பாய்?" அவள், "ஒண்ணும் குடுக்க மாட்டேன் சார். மொதல்ல உக்கார வச்சுக் கேப்பேன்" என்று தொடங்கி, எல்லாக் கேள்வியையும் வரிசையாகச் சொன்னாள். "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார் அவர். "புத்தகத்துல இல்ல சார். எங்க அக்கா ஒருத்தங்க செத்துப்போனாங்க" என்றாள். நான் திறந்த கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஐந்து பேரில் பேச்சியைச் சேர்த்து மூன்று பேர் தேறினார்கள். எலும்புப் பாடத்தில் எப்போதும் முதலில் வருகிற ஜெனோவா பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுபடி எழுதுகிறாள். பேச்சி இப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழு பேருக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் அப்பா அவளோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள், "ஒங்க மக எப்ப வருவா?" என்று கேட்டால், "வீட்டுக்குப் பின்னால போயிக் கேளுங்க" என்கிறாராம்.

மூன்று சான்றிதழ்களைப் பார்த்ததும் பள்ளியில் மனம் மாறினார்கள். மைதானத்தைத் திறந்துவிடுகிறோம், இந்த வருஷமும் வகுப்பை நடத்து என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பழைய கதையைப் பிள்ளைகளிடம் எடுக்கக் கூடாதாம். நர்ஸ் செத்ததைப் பற்றி மூச்சு விடக் கூடாதாம். "அப்படின்னா ஒங்க மைதானமே எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையை எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

முத்தையாபுரத்தில் உப்பளக்காரப் பெண்கள் ஒரு கொட்டகையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நான் பஸ் பிடித்துப் போய்விடுவேன். முதல் வகுப்புக்குப் பதினோரு பெண்கள் வந்தார்கள். கசரத்து எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன். உனக்கு இருந்த வியாதியைச் சொன்னேன். நீ மறைத்ததைச் சொன்னேன், நான் கேட்காமல் விட்டதையும் கை தட்டியதையும் சொன்னேன். "இதக் கேட்டு யாருக்காவது பயமா இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போவலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

செண்பகம், நீ ஓடியதால் சாகவில்லை என்று நான் யாரிடமும் சாதிக்கப்போவதில்லை. ஓடியதால்தான் செத்தாய் என்று எவள் சொன்னாலும் ஒத்துக்கொள்ளப்போவதும் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்வேன். எனக்கு நிற்கத் தெம்பு இருக்கிறவரை ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் முதல் பாடம் நீதான். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. இனி ஒரு பிள்ளையையும் கேட்காமல் ஓடவிட மாட்டேன். கேட்ட பிறகு, ஓட முடிந்த ஒருத்தியையும் யாருக்காகவும் உட்காரவைக்கவும் மாட்டேன்.

உன்னோடு கூடப்பிறக்காத உன் அக்கா,
பிரகாசி