உபயக் கற்கள்

ஒக்டோபர் 12, ஞாயிறு. மெல்பேர்ன்.

நித்திரை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

இன்று கோயில் நிர்வாகக் கூட்டம். தலைவர் பெர்லினுக்குப் போய் வந்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒன்றில், ஒரு வீட்டு வாசலின் நடைபாதையில் சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒரு கல்லின் மேல் தலைவரின் புதுச் சப்பாத்துக் கால்.

"பாத்தியளே, அங்க உபயகாரரை எவ்வளவு வடிவா மதிக்கினம்! எங்கட வாசலிலயும் இப்பிடிப் பதிப்பம். முதல் கல்லு என்ர பெயரில."

எல்லோரும் தலையாட்டினார்கள். கோயில் மின்விசிறியில்கூடத் தன் பெயரை எழுதிவைத்த மனிதர். எங்கே பெயரைக் கண்டாலும் அவருக்கு அது உபயம்தான்.

நான் எழுந்தேன். "அது உபயம் இல்லை, அங்கிள். நாஸிகள் பிடிச்சுக்கொண்டுபோய்ச் சாக்காட்டின யூத சனத்தின்ர பெயர். கடைசியா அவை இருந்த வீட்டு வாசல் அது."

மனிதர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நான் ஒரு மடைச்சி.

"ஓமோ?" என்று கொஞ்சம் யோசித்தார். "அப்ப நிலத்தில வேண்டாம், பிள்ளை. சுவரில பதிப்பம். செத்த ஆக்களுக்குத் தெரியாது. என்ர பெயரைச் சனம் மிதிச்சாச் சரியில்லை."

ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் வேறு.

படம் கூட்டம் முடியும்வரை திரையில் அப்படியே நின்றது. அந்தக் கல்லில் பெயரின் முன்பாதியை மட்டும் வாசிக்க முடிந்தது. ரோசா. மீதி அவருடைய சப்பாத்துக்கு அடியில்.