அக்கா போட்ட அடி

ஆடி 12, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஒயர்கூடைக்கு அடி போட எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அக்கா அடியைப் போட்டுத் தருவாள், மேலே நான் பின்னுவேன். பார்த்தவர்கள் என்னைத்தான் மெச்சினார்கள். அக்கா ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.

அந்தப் பேரை நம்பி, உக்கடத்தில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடை பின்னக் கற்றுத்தர இன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் ஒயரோடு என் கையையே பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து காரமடையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அடி எப்படிப் போடோணும்?"

"நான் போட்ட அடியில பேர் வாங்கிப்போட்டு, இப்பத்தான் கேக்கறயா அம்மணி?" அக்கா சிரித்தாள். "கால் கட்டவெரல்ல ஒயரை அமுக்கிக்கோ. மொத முடிச்சு அசையப்படாது."

அக்காவின் அந்த விரல் கண்முன் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் எவ்வளவு கேலி பேசினாலும் அது அசையாது.

உள்ளே போய், "அடி போடறது எங்கக்கா வேலைங்க, எனக்கு மேல்பின்னல்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். யாரும் எழுந்து போகவில்லை. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்; செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலால் ஒயரை அமுக்கினார்கள். என் அடி நன்றாகவே வந்தது. தூக்கிக் காட்டலாம் என்று எழுந்தேன். என் கால் கட்டைவிரலையும் சேர்த்துப் பின்னியிருந்தேன். ஒரு சின்னப் பெண் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள்.